மோட்டார் கருகிய பிறகு

கருகிய வார்னிஷின் வாசம் தெரிந்தவர்களுக்கு மோட்டாரைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்காது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாசத்தோடுதான் தம்பி ஒருவர் பொள்ளாச்சியில் என் பட்டறைக்கு வந்தார். சாக்குப்பையில் சுற்றி எடுத்துவந்திருந்ததை மேசையில் வைத்தார். வின்ச் மோட்டார். நண்பரின் எஸ்டேட் பாதையில் மழைக்குப் பிறகு ஜீப் அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டதாம். வின்ச்சைப் போட்டு இழுத்திருக்கிறார். வண்டி வெளியே வந்துவிட்டது, மோட்டார் போய்விட்டது.

"அண்ணா, இது முடிஞ்சுதுங்க. ஆறு எச்.பி. மோட்டார் ஒண்ணு வாங்கிப் போட்டறலாமுங்களா?"

"முதல்ல டீயைக் குடி கண்ணு. எது செத்துதுன்னு பாத்துட்டு அப்புறம் எதை வாங்கறதுன்னு பேசலாம்."

அன்றைக்கு ரெண்டு டீ குடிக்கிற நேரத்தில் அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். வண்டியின் முன்னால் வின்ச் வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர். மோட்டார் கருகியதும் பெரிய மோட்டாருக்குத்தான் எல்லோருடைய மனமும் ஓடுகிறது. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

வின்ச் மோட்டாருக்கு நெருங்கிய சொந்தம் என்றால் வண்டியின் செல்ஃப் மோட்டார்தான். ரெண்டும் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியரை உறிஞ்சும். ரெண்டும் கொஞ்ச நேரம் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது என்று நமக்குத் தெரியும். வின்ச் என்று வந்தால் வண்டி மேலே ஏறும் வரை பொத்தானில் இருந்து விரலை எடுக்க மாட்டோம். பெரும்பாலான வின்ச் மோட்டார்களில் காற்றாடி கிடையாது. தண்ணீரும் சேறும் புகாமல் மூடிய இரும்புக் குழாய் அது. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழி இல்லாமல் அங்கேயே தங்கும்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4,300 கிலோ இழுக்கும் என்று எழுதிய வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். அந்த நேரத்தில் பேட்டரியின் 12 வோல்ட் 10 வோல்ட்டாக இறங்கியிருக்கும். ஆக உள்ளே போவது 4,000 வாட். கயிறோ அப்போது நிமிடத்துக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நகரும். அந்த வேகத்தில் 4,300 கிலோவை இழுக்க உண்மையில் செலவாவது 850 வாட்டுக்கும் குறைவு. மீதி 3,000 வாட்டுக்கு மேல் மோட்டாரிலும் கியரிலும் சூடாக மாறுகிறது. வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் ரெண்டை அந்தச் சின்னக் குழாய்க்குள் சொருகிவைத்தது போல. ஒரு நிமிடத்துக்கு மேல் இப்படித் தொடர்ந்து ஓட்டினால் செம்புக் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் எத்தனை நேரம் தாங்கும்?

மோட்டாரைப் பிரித்தோம். தம்பியின் அதிர்ஷ்டம், ஆர்மேச்சர் முழுதாகக் கருகவில்லை. நாலு கார்பன் பிரஷ்களில் ரெண்டு, கூட்டுக்குள் துருப்பிடித்து அசையாமல் சிக்கியிருந்தன. நாலு வழியில் போக வேண்டிய கரண்ட் ரெண்டு வழியில் போயிருக்கிறது. அந்த ரெண்டும் தேய்ந்து, அவை தொடும் கம்யூட்டேட்டர் கறுத்துப்போயிருந்தது. வின்ச்சைக் கடைசியாக எப்போது ஓட்டினாய் என்று கேட்டேன். ஒன்றரை வருடம் ஆகிறதாம். மழை, வாட்டர் சர்வீஸ், ஆற்றைக் கடந்தது எல்லாம் நடந்திருக்கிறது. வின்ச் மட்டும் ஒருமுறைகூடச் சுற்றவில்லை. நான் பார்த்த வரையில் வின்ச் மோட்டார்கள் அதிகமாகச் சாவது வேலை செய்து அல்ல, வேலை செய்யாமல் கிடந்து. மாதம் ஒருமுறை பத்து மீட்டர் கயிற்றை வெளியே விட்டு உள்ளே சுற்றினால் கார்பன் கூட்டுக்குள் ஆடிக்கொண்டே இருக்கும், உள்ளே சேர்ந்த ஈரமும் காயும்.

அதனால் மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் ஒரு சோதனை. பொத்தானை அழுத்தினால் டக் என்று சத்தம் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் குற்றவாளி மோட்டாராக இருக்க வேண்டியதில்லை. கன்ட்ரோல் பாக்ஸுக்குள் இருக்கும் சொலினாய்டாக இருக்கலாம், கேபிள் நுனி லக்கில் பிடித்த துருவாக இருக்கலாம், எர்த்தாக இருக்கலாம். கிளட்சை விடுவித்துவிட்டு, கன்ட்ரோல் பாக்ஸைத் தாண்டி பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். எங்கே கொடுப்பது என்பதற்கு மோட்டாரின் உள்கட்டு தெரிய வேண்டும்.

வின்ச்சில் ரெண்டு வகை மோட்டார் வரும். ஒன்றில் காந்தப்புலத்தை நிரந்தரக் காந்தங்கள் தரும். அதற்கு வெளியே ரெண்டு முனைதான். பிளஸ் மைனஸை மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும். இன்னொன்று சீரிஸ் மோட்டார். அதில் காந்தப்புலமும் ஒரு காயிலால்தான் உண்டாகிறது. அந்த காயில் வழியாகப் போன அதே கரண்ட்தான் ஆர்மேச்சருக்குள்ளும் போகிறது. வெளியே எஃப்1, எஃப்2, ஏ என்று மூன்று முனை, கூடவே எர்த்துக்கு ஒன்று. இதில் பேட்டரி முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் சுற்றும் திசை மாறாது. காயிலிலும் ஆர்மேச்சரிலும் ஒருசேரத் திசை மாறுவதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். திசையை மாற்ற, காயிலில் மட்டும் கரண்டைத் திருப்ப வேண்டும். எஃப்1-ல் நுழைந்து எஃப்2 வழியாக ஏ-க்குப் போனால் ஒரு பக்கம். எஃப்2-ல் நுழைந்து எஃப்1 வழியாக ஏ-க்குப் போனால் மறுபக்கம். கன்ட்ரோல் பாக்ஸ் செய்வது இந்த ஒரு வேலையைத்தான்.

ஆக சீரிஸ் மோட்டாரைச் சோதிக்க எஃப்2-ஐயும் ஏ-யையும் ஒரு தடித்த கேபிளால் இணைத்து, எஃப்1-க்கு பிளஸ், எர்த் முனைக்கு மைனஸ். ஒரு விநாடி தொட்டு எடுத்தால் போதும். மோட்டார் தனியாக மேசையில் இருந்தால் வைஸில் இறுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துள்ளும். சுமை இல்லாத சீரிஸ் மோட்டார் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும் இனம் என்பதால் தொடர்ந்து ஓடவிடவும் கூடாது.

இந்த ரெண்டு வகை மோட்டாருக்கும் உள்ள வேறுபாடு கடையில் வாங்கும்போது உதைக்கும். காந்த மோட்டார் குறைந்த ஆம்பியர் எடுக்கும், இலகுவான வேலைக்குப் போதும். ஆனால் அதிகச் சூட்டில் காந்தங்கள் வலுவிழக்கும். ஆறிய பிறகும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது. சீரிஸ் மோட்டார் சுமை ஏற ஏற முறுக்கு விசையை அள்ளித் தரும், கடினமான இழுப்பைத் தாங்கும், கூடவே பேட்டரியைக் குடிக்கும். காந்த மோட்டார் இருந்த இடத்தில் சீரிஸ் மோட்டாரை வைக்க நினைத்தால் கன்ட்ரோல் பாக்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டும். ரெண்டு முனைக்குச் செய்த பாக்ஸ் மூன்று முனைக்கு ஆகாது. இதைக் கேட்காமல் மோட்டார் மட்டும் வாங்கிவந்தவர்களை எனக்குத் தெரியும்.

தம்பி ரெண்டாவது டீ சொன்னார். நான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். "உனக்கு எது பத்தல? இழுப்பா, வேகமா?"

"இழுப்புத்தாங்ணா. கடைசியில முக்கிட்டு நின்னுருச்சு."

"அப்ப கயிறு டிரம்முல எத்தனை சுத்து இருந்துச்சு?"

முக்கால்வாசி டிரம்மில்தான் இருந்திருக்கிறது. மரம் பக்கத்திலேயே கிடைத்ததால் ஆறேழு மீட்டர்தான் வெளியே விட்டிருக்கிறார். விஷயம் அங்கேதான். வின்ச்சில் எழுதியிருக்கும் எடை, டிரம்மில் முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது இழுக்கும் எடை. டிரம் 64 மில்லிமீட்டர் விட்டம், கயிறு 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கில் இழுப்பு நடக்கும் விட்டம் 72. நாலாவது அடுக்கில் அது 115, 120 என்று ஆகிவிடும். விட்டம் பெருக்கப் பெருக்க அதே முறுக்கு விசை கயிற்றில் குறைந்த இழுப்பாகத்தான் வரும். 4,300 கிலோ வின்ச் நாலாவது அடுக்கில் 2,600 அல்லது 2,700 கிலோ வின்ச் ஆகிவிடுகிறது. தூரத்து மரத்தில் கட்டியிருந்தால் இதே மோட்டார் முக்காமல் இழுத்திருக்கும்.

பக்கத்து மரம்தான் கிடைத்தது என்றால் கப்பி இருக்கிறது. மரத்தில் கப்பியைக் கட்டி, கயிற்றை அதில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வண்டியின் கொக்கியிலேயே மாட்டினால் வண்டி மேல் விழும் இழுப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, வேகம் பாதி. அதோடு, ரெண்டு மடங்கு கயிறு வெளியே போவதால் டிரம்மில் அடுக்கும் குறைகிறது. மோட்டாருக்கோ பாதிச் சுமைதான், சூடும் அந்த அளவுக்குக் குறையும். புது மோட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான் நல்ல கப்பியின் விலை. இழுப்பு போதவில்லை என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் கப்பியைத்தான் சொல்வேன். அதைச் சொல்லாமல் மோட்டாரை விற்பது தப்பு என்றே நினைக்கிறேன்.

பெரிய மோட்டார் உண்மையில் தருவது என்ன? வேகம். 4,300 கிலோ என்பது மோட்டாரை மட்டும் வைத்து எழுதிய எண் அல்ல. கியர் பற்கள், பிரேக், டிரம்மைத் தாங்கும் கூடு, கயிறு, பம்பரின் போல்ட் எல்லாம் சேர்ந்து தாங்கும் எல்லை அது. ஆறு எச்.பி. மோட்டாரைப் போட்டதால் அந்தக் கியர் ஆறாயிரம் கிலோவுக்குத் தகுதி பெற்றுவிடாது. முன்பெல்லாம் சுமை அதிகமானால் மோட்டார் முக்கி நின்று நம்மை எச்சரிக்கும். இப்போது மோட்டார் நிற்காது. அதற்கு முன் கியர்ப் பல்லோ கயிறோ போகும். சுமையோடு அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

வேகம் யாருக்கு வேண்டும்? போட்டிக்குப் போகிறவர்களுக்கு. மலேசியாவில் 1997-ல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போல மழைக்காலக் காட்டில், கடிகாரத்தோடு நடக்கும் போட்டிகளில் வின்ச் போடும் நேரம்தான் வெற்றி தோல்வி. 2014-ல் கோவாவில் தொடங்கிய அதன் இந்தியப் பதிப்பிலும் அப்படித்தான். மோட்டார் மேம்பாடு என்ற கலையே இந்தப் போட்டிக்காரர்களிடம் வளர்ந்தது. அவர்கள் அதிகம் கைவைத்த வின்ச் அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் செய்த 8274. எட்டாயிரம் பவுண்டு, 1974-ம் ஆண்டு என்பதைச் சேர்த்த பெயர் அது. மோட்டார் மேலே, டிரம் கீழே என்று நிற்கும் உருவம். பிளானட்டரி கியர் இல்லாமல் பல்லோடு பல் சேரும் நேர்கியர். கியரில் வீணாகும் சக்தி குறைவு, கயிறு வேகமாக வரும். பிரேக்கும் டிரம்முக்கு வெளியே. மேல்கூட்டைக் கழற்றி, அதற்கென்றே செய்த வேறு கூட்டைப் போட்டு ரெண்டு மோட்டார் மாட்டுவது பிரிட்டனில் போட்டிக்காரர்களிடம் சாதாரணம். அந்த வண்டிகளில் ரெண்டு பேட்டரி, பெரிய ஆல்டர்னேட்டர், கட்டைவிரல் பருமனில் கேபிள் எல்லாம் கூடவே இருக்கும். மோட்டாரை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் நாம் பாதியைத்தான் பார்த்தோம்.

நம் வண்டிகளில் பெரும்பாலும் வின்ச்சைக் கழுத்தை நெரிப்பது கேபிள். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில், போக வர நாலு மீட்டர் தூரத்துக்கு 400 ஆம்பியர் போனால் வழியிலேயே கால் குறைய ரெண்டு வோல்ட் போய்விடும், சரியாகச் சொன்னால் 1.75. 35 சதுர மில்லிமீட்டராக இருந்தால் 0.9-க்கும் குறைவு. 70 என்றால் அதிலும் பாதி. 10 வோல்ட்டில் ரெண்டு வோல்ட் போனால் மோட்டாரின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்காவது போனது. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும், மோட்டாருக்கு நல்லதுதானே என்று கேட்பார்கள். இழுக்கும் சுமை மாறாத வரை மோட்டார் எடுக்கும் ஆம்பியரும் மாறாது, ஏனென்றால் முறுக்கு விசையைத் தருவது ஆம்பியர்தான். வேகம் மட்டும் குறைகிறது. அதே பத்து மீட்டரை இழுக்க அதிக நேரம், அந்த நேரம் முழுக்க அதே சூடு. மெல்லிய கேபிள் மோட்டாரைக் காப்பாற்றாது, நின்று கொல்லும்.

கேபிள் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். எனக்கே ஒருமுறை வெளியூர்க் கடையில் அதைச் செம்பு என்று சொல்லி விற்றார்கள். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து சுரண்டாமல் வாங்குவதில்லை.

பேட்டரிக்கு வருவோம். 400 ஆம்பியரில் ஒரு நிமிடம் என்றால் ஆறு ஏழு ஆம்பியர்-மணி. புது வண்டியின் ஆல்டர்னேட்டர்கூட 90, 100 ஆம்பியர்தான் தரும், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடினால். மற்றதெல்லாம் பேட்டரியிலிருந்துதான். ஒரு நிமிட இழுப்புக்குப் பிறகு எஞ்சினை ஓடவிட்டு எட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால்தான் எடுத்ததை ஓரளவு திருப்பிக் கொடுத்ததாகும். அந்த நேரத்தில் மோட்டாரும் ஆறும். டீ குடிக்கலாம்.

பேட்டரி தளர்ந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தட்டை அழுத்திப் பிடிப்பது ஒரு சின்னக் காயில். வோல்ட் இறங்கினால் அதன் பிடி தளர்ந்து, தட்டு படபடவென்று அடித்துப் பொறி பறக்கும். அந்தப் பொறியில் தட்டு வெல்டிங் ஆகி ஒட்டிக்கொள்ளும். பொத்தானை விட்டாலும் வின்ச் நிற்காது. கயிறு முறுகி, கொக்கி வந்து பம்பரை மோதும் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். இதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன்; அந்த அரை நிமிடம் இன்றும் மறக்கவில்லை. அதனால் கை எட்டும் இடத்தில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இல்லாத வண்டியில் நான் மோட்டாரை மாற்றிக் கொடுப்பதில்லை. பெரிய மோட்டார் போட்டால் அதற்குத் தகுந்த பெரிய சொலினாய்டும் கட்டாயம்.

தம்பியின் மோட்டாரை என்ன செய்தோம்? கோவைக்குக் கொடுத்தனுப்பினோம். இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் 1937-ல் கோவையில்தான் பிறந்தது, ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் செய்தது. அந்த ஊரில் காயில் கட்டத் தெரிந்த கைகளுக்கு இன்றும் பஞ்சமில்லை. ஆர்மேச்சரில் ஷாஃப்டுக்குக் கசிவு இல்லை என்று பார்த்து, கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவே மைக்காவைக் கீழிறக்கி, நாலு புதுக் கார்பனும் புஷ்ஷும் போட்டுத் தந்தார்கள். ஆர்மேச்சர் முழுதாகக் கருகியிருந்தால் அதே அளவில் புது மோட்டார் வாங்கச் சொல்லியிருப்பேன்.

புது மோட்டார் வாங்குவதானால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஷாஃப்ட் நுனி அறுகோணமா, பல் வெட்டியதா, காடி போட்டதா, போல்ட் துளைகளின் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும்.

மாட்டுவது ஒரு மணி நேர வேலை. அவசரப்படாவிட்டால் தப்பே வராது. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். கயிற்றில் இழுப்பு எதுவும் இருக்கக் கூடாது. கேபிள்களைக் கழற்றும் முன் டேப் ஒட்டி எஃப்1, எஃப்2, ஏ என்று எழுதிவிடுங்கள். ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்களை மட்டும் கழற்ற வேண்டும். டிரம்மின் ரெண்டு பக்கக் கூட்டையும் இணைக்கும் நீண்ட கம்பிகளைத் தளர்த்தினால் நேர்கோடு போய்விடும், பிறகு டிரம் உரசும். மோட்டார் வெளியே வரும்போது பிரேக்கை இணைக்கும் துண்டும் கூடவே வரக்கூடும். எந்தப் பக்கம் எதைப் பார்த்து இருந்தது என்று கவனித்து, அதே முகமாகத் திருப்பி வையுங்கள். பிரேக் பட்டையில் மட்டும் கிரீஸ் படக் கூடாது. பழைய ரப்பர் ரிங்கை மறுபடி போடாதீர்கள். தண்ணீர் வடியும் துளை மோட்டாரில் இருந்தால் அது தரையைப் பார்த்து நிற்க வேண்டும்.

முனைகளில் நட்டு இறுக்கும்போது ரெண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் அடிநட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதால் மேல்நட்டை இறுக்க வேண்டும். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் உள்ளே காயிலோடு சேர்த்த ஸ்டட் திரும்பி, புது மோட்டார் ஓடும் முன்பே போய்விடும். வாரண்டியில் எவரும் அதை ஏற்கமாட்டார்கள்.

கடைசியாகத் திசை. உள்ளே இழுக்கும் பொத்தானை அழுத்தினால் கயிறு டிரம்மின் அடிப்பக்கமாக நுழைந்து சுற்ற வேண்டும், நம் வின்ச்கள் பெரும்பாலானவற்றில் அதுதான் முறை. எதிராகச் சுற்றினால் எஃப்1-ஐயும் எஃப்2-ஐயும் இடம் மாற்றுங்கள். பொத்தானை மாற்றி அழுத்திச் சமாளிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். பிரேக் ஒரு திசையில்தான் பிடிக்கும். கயிறு மேல்பக்கமாகச் சுற்றிக்கொண்டால் மேட்டில் பொத்தானை விட்ட நொடியில் வண்டி பின்னோக்கி உருளும். இரும்புக் கம்பிக்குப் பதில் செயற்கை நார்க்கயிறு போட்டவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் வின்ச்சில், சுமையோடு வண்டியை நீண்ட தூரம் கீழே இறக்கினால் டிரம் கொதிக்கும். அந்தக் கயிறு 150 டிகிரிக்குள் உருகும் பொருள். இரும்புக் கம்பிக்கு அந்தப் பயம் இல்லை.

தம்பியின் மோட்டார் கோவையிலிருந்து திரும்பி வந்ததும் மாட்டி முடித்து, பட்டறைக்குப் பின்னால் உள்ள மேட்டில் வண்டியை வைத்துக் கயிற்றை ஒரே சீராகச் சுமையோடு சுற்றினோம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி, தம்பியின் கையை மோட்டார் மேல் வைக்கச் சொன்னேன். மூன்றாவது முறை கையை வெடுக்கென்று எடுத்தார்.

"சுடுதுங்ணா."

"அப்ப அது ஆறட்டும்" என்றேன். எஞ்சினை ஓடவிட்டு, டீக்கடைப் பையனைக் கூப்பிட்டோம்.